முடிவில்லாத ஆறு
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, காத்திவாக்கம்)

காத்திவாக்கத்தில் வாழும் நமக்குக் குடிநீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு. நீர்ப்பரப்புக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு நீண்ட மணல்மேடு போல நம் ஊர் அமைந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக இருந்து, பிறகு சென்னை மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. நம்மில் பலருடைய தந்தையர் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிறார்கள். இன்னும் பலருடைய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக முகத்துவாரத்து மீனையும் இறாலையும் நண்டையும் நம்பியே வாழ்கின்றன.

முன்பு படகு தாராளமாகச் சென்ற இடங்களில் இப்போது இடுப்பளவு நீரில் நிற்க முடிகிறது என்று மீனவப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காலை வைத்தால் மணல் தட்டுப்படுவதில்லை. மாவு போன்ற சாம்பல் நிறச் சேறுதான் தட்டுப்படுகிறது என்றும் சொல்கிறார்கள். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வழக்கம். 1970-ஆம் ஆண்டு மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1990-களில் அத்திப்பட்டில் எழுந்த வடசென்னை அனல் மின் நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. குழாய்க் கசிவால் உப்பங்கழியில் சாம்பல் கலந்த செய்தி பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறதல்லவா? ஆறு கடலை நோக்கி ஓடுகிறது. நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. இவ்வளவு நீர் வந்து போகும்போது, சேற்றையும் சாம்பலையும் கழுவிக்கொண்டு போக வேண்டியதுதானே? ஏன் போவதில்லை? இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகள் ஒரு விசித்திரமான ஆற்றையே செய்திருக்கிறார்கள். அது வட்டமான ஆறு. அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் காண்போம்.

துகள் விழும் வேகம்

முதலில் ஓர் எளிய சோதனை. மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் நீர் நிரப்புங்கள். ஒன்றில் கடற்கரை மணலும், இன்னொன்றில் தோட்டத்து மண்ணும், மூன்றாவதில் அடுப்புச் சாம்பலும் ஒவ்வொரு கரண்டி போட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் விழுந்துவிடும். மண்ணும் சாம்பலும் கலந்த நீர் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருக்கக் காண்போம்.

நீரில் விழும் துகளைப் புவி கீழே இழுக்கிறது. நீர் அதை மேலே தள்ளுகிறது. நகரும்போது நீரின் பிசுபிசுப்பு அதைத் தடுக்கிறது. இம்மூன்றும் சமமானதும் துகள் ஒரே சீரான வேகத்தில் விழுகிறது. இந்த விதியை 1851-ஆம் ஆண்டில் கண்டு சொன்னவர் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர். அவர் விதிப்படி துகளின் குறுக்களவு பத்து மடங்கு குறைந்தால், விழும் வேகம் பத்து மடங்கல்ல, நூறு மடங்கு குறையும்!

நீரைப் போல 2.2 மடங்கு அடர்த்தியுள்ள சாம்பல் துகள் என்று வைத்துக்கொண்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் விழுவதற்கு 100 மைக்ரான் துகளுக்கு மூன்று நிமிடம் போதும். 10 மைக்ரான் துகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஒரு மைக்ரான் துகளுக்கோ ஏறக்குறைய 18 நாட்கள் ஆகும்! நிலக்கரிச் சாம்பலில் இந்த எல்லா அளவுத் துகள்களும் கலந்தே இருக்கின்றன. அவற்றுள் சில உள்ளே வெற்றிடம் கொண்ட நுண்ணிய உருண்டைகள். அவை விழுவதே இல்லை, நீர்மேல் மிதக்கின்றன.

தேற்றாங்கொட்டையும் உப்பும்

அப்படியானால் மிக நுண்ணிய துகள்கள் ஒருநாளும் படியாமல் கடலுக்கே போய்விட வேண்டும் அல்லவா? அங்கேதான் இன்னொரு செய்தி குறுக்கிடுகிறது.

நம் பாட்டிமார் கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் எடுத்து வந்தால், அதன் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். சிறிது நேரத்தில் நீர் தெளிந்துவிடும். சிலர் படிகாரத்தைப் போடுவார்கள். நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் கொண்டவை. அந்த விலக்கத்தைத் தேற்றாங்கொட்டையும் படிகாரமும் குறைத்துவிடுகின்றன. உடனே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பால் திரிவது போலத் திரள்கின்றன. திரண்டது கனக்கிறது, கனத்தது விழுகிறது.

கடல்நீரின் உப்பும் இதே வேலையைச் செய்கிறது. ஆற்று நீர் உப்பு நீரைச் சந்திக்கும் முகத்துவாரத்தில் களிமண் துகள்கள் திரண்டு, தனியாக விழுவதைவிட வேகமாக விழுகின்றன. முகத்துவாரங்களில் சேறு சேர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இந்தத் திரள்கள் மிக மெல்லியவை. நீர் சற்று வேகமாகச் சுழித்தால் உடைந்துவிடும். மெதுவாக அசைந்தால் துகளோடு துகள் மோதி மேலும் வளரும். ஆகவே ஒரு துகள் படியுமா படியாதா என்பதை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நீரின் ஓட்டமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஆற்றை ஏன் வளைக்க வேண்டும்?

நீரின் ஓட்டத்தைப் பற்றி அறிய ஆற்றுக்கே போய் அளக்கலாம். ஆனால் ஆறு நமக்காக நிற்காது. ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி, இடையிலே காற்று, அலை, படகு. எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிவது கடினம். ஆகவே பொறியாளர்கள் சிறிய ஆறுகளைச் செய்து சோதிக்கிறார்கள். நம் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டதல்லவா? அந்தப் பூண்டியிலேயே நம் அரசின் நீரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அணைகளையும் ஆறுகளையும் சிறிய அளவில் மாதிரியாகக் கட்டி, நீர் விட்டு, அங்கே ஆராய்கிறார்கள். நம் முகத்துவாரத்துக்கு வரும் ஆற்றின் கரையிலேயே இப்படி ஒரு கூடம் இருப்பது நமக்குப் பெருமையன்றோ!

ஆனால் நுண்ணிய சேற்றை ஆராய நேரான கால்வாய் போதாது. காரணம் எளிய கணக்கு. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில் 10 மைக்ரான் துகள் அடியைத் தொட ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நீர் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால் அதற்குள் அந்தத் துகள் முக்கால் கிலோமீட்டருக்கும் அப்பால் போயிருக்கும். அவ்வளவு நீளத்துக்கு யார் கண்ணாடிக் கால்வாய் கட்டுவது? ஒரு முனையில் விழும் நீரைப் பம்பு வைத்து மறுமுனைக்கு ஏற்றலாமே என்று கேட்கலாம். ஏற்றலாம், ஆனால் பம்பின் இறக்கைகள் மெல்லிய திரள்களை அடித்து நொறுக்கிவிடும். எதை ஆராய வந்தோமோ அதுவே கெட்டுவிடும்.

இதற்கு ஒரே வழி, கால்வாயின் இரு முனைகளையும் வளைத்து ஒன்றாகச் சேர்த்துவிடுவது! வளையல் போன்ற கால்வாயில் நீர் சுற்றிக்கொண்டே இருக்கும். துகளும் எத்தனை மணி நேரமானாலும் பயணம் செய்துகொண்டே இருக்கும். பம்பு தேவையில்லை. நீரின் மேல் வளைய வடிவில் ஒரு மூடியைப் படும்படி வைத்து, அந்த மூடியைச் சுழற்றினால் போதும். மூடி நீரை இழுக்கும், நீர் ஓடும்.

தேநீர் டம்ளரில் ஒரு வேடிக்கை

இங்கே ஒரு சிக்கல் வந்தது. அதைப் புரிந்துகொள்ள நாம் சமையலறைக்குப் போவோம்.

வடிகட்டாத தேநீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கரண்டியால் வட்டமாகக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். அடியிலுள்ள தேயிலைத் துகள்கள் எங்கே சேருகின்றன? சுழலும் பொருள் வெளியே தள்ளப்படும் என்று படித்திருக்கிறோம்; ஆகவே ஓரத்தில் சேர வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவை நடுவில் குவிகின்றன! 1926-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஆறுகள் வளைந்து வளைந்து செல்வதற்கும் இதே காரணத்தை அவர் காட்டினார்.

காரணம் இதுதான். டம்ளரின் நடுப்பகுதியிலும் மேற்பகுதியிலும் உள்ள நீர் வேகமாகச் சுழல்கிறது. ஆகவே ஓரத்தை நோக்கித் தள்ளுகிறது. அடியில் உள்ள நீர் டம்ளரின் தரையோடு உரசி வேகம் இழக்கிறது. அதனால் அதற்கு வெளியே தள்ளும் வலிமை இல்லை. மேலே ஓரத்துக்குப் போன நீர் சுவரோரமாகக் கீழே இறங்கி, அடியில் நடுவை நோக்கி வந்து, மறுபடி மேலே ஏறுகிறது. இந்தக் கள்ள ஓட்டம்தான் தேயிலையை நடுவில் கூட்டிச் சேர்க்கிறது.

வட்டக் கால்வாயிலும் இதேதான் நடக்கும். ஓர் அகன்ற பேசினின் நடுவில் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்து, நீர் ஊற்றி, கொஞ்சம் கல் கோலமாவைத் தூவி, கரண்டியால் சுற்றிலும் கலக்கிப் பாருங்கள். நீர் ஓய்ந்ததும் மாவு சீராகப் பரவியிராது. சொம்பை ஒட்டிய உள்வட்டத்தில் அதிகமாக ஒதுங்கியிருக்கும். நேரான ஆற்றில் இப்படி ஒதுங்குவதில்லை. அப்படியானால் வட்டக் கால்வாய் உண்மையான ஆற்றுக்கு எப்படி மாதிரியாகும்?

எதிரெதிராகச் சுழலும் இரண்டு

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி மிக அழகானது. மூடி மட்டும் சுழன்றால் அடியிலுள்ள துகள்கள் உள்வட்டத்துக்கு ஒதுங்குகின்றன. மாறாக மூடி நின்று கால்வாய் மட்டும் சுழன்றால், தரையோடு ஒட்டிய நீரே வேகமாகச் சுழல்வதால், துகள்கள் வெளிவட்டத்துக்கு ஒதுங்குகின்றன. சரி, மூடியை ஒரு திசையிலும் கால்வாயை எதிர்த்திசையிலும் ஒரே நேரத்தில் சுழற்றினால்? இரண்டின் வேகங்களையும் தக்க விகிதத்தில் அமைத்தால் உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. நீர், நேரான ஆற்றில் ஓடுவது போலவே தரையைச் சீராக உரசிக்கொண்டு ஓடுகிறது. எதிரெதிரான இரண்டு சேர்ந்து ஒரு நேர்மையை உண்டாக்குவது வியப்பல்லவா?

அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பார்த்தனியாடிஸ், மேத்தா என்னும் இருவர் 1970-களில் இத்தகைய வளையக் கால்வாயில் சேறு படிவதை ஆராய்ந்தார்கள். கனடாவில் பர்லிங்டன் நகரிலுள்ள தேசிய நீர் ஆராய்ச்சி நிலையத்தில் கிருஷ்ணப்பன் என்னும் பொறியாளர் அமைத்த வளையம் இன்னும் பெரியது. (அந்தப் பெயரைப் படித்தபோது நம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரைக் கண்டது போல எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது!) அதைப் பற்றி 1993-ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். அந்த வளையத்தின் விட்டம் 5 மீட்டர். அகலம் 30 சென்டிமீட்டர். ஆழம் 30 சென்டிமீட்டர். சுற்றளவைக் கணக்கிட்டால் 15.7 மீட்டர் வருகிறது. நம் வகுப்பறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நிறைந்துவிடும் அளவு. அதற்குள் ஆற்றுச் சேற்றைக் கரைத்து ஊற்றி, மணிக்கணக்காகச் சுழற்றி, இடையிடையே சிறிது நீரை எடுத்து, அதில் எவ்வளவு சேறு மிதக்கிறது என்று எடை போட்டுப் பார்க்கிறார்கள்.

தாயக்கட்டையால் ஓர் ஆறு

இன்று இத்தகைய வளையத்தைக் கணிப்பொறிக்குள்ளும் செய்துவிடுகிறார்கள். நீரைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிடுகிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களை அதில் விட்டு, நொடிக்கு நொடி ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பின்தொடர்கிறார்கள். நீரின் கொந்தளிப்பு துகளை எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே அதை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல எண்களைக் குலுக்கி முடிவு செய்கிறார்கள்.

இதை நாமே தாயக்கட்டை கொண்டு ஆடிப் பார்க்கலாம். கோடைவிடுமுறையில் பொழுதும் போகும், விஞ்ஞானமும் விளங்கும்!

ஒரு காகிதத்தில் குறுக்கே 12 கட்டங்களும் மேலிருந்து கீழாக 6 வரிசைகளும் வரையுங்கள். குறுக்கே உள்ள கட்டங்கள் வளையக் கால்வாய். பன்னிரண்டாவது கட்டத்துக்குப் பிறகு மறுபடி முதற்கட்டம். அடிவரிசைதான் ஆற்றின் தரை. 20 புளியங்கொட்டைகளைக் கட்டங்களில் தூவுங்கள். ஒவ்வொரு கொட்டைக்கும் ஒருமுறை தாயக்கட்டைகள் இரண்டையும் உருட்டுங்கள். மிதக்கும் கொட்டை ஒவ்வொரு முறையும் ஒரு கட்டம் முன்னே போகும். அத்துடன்:

மெதுவான ஓட்டத்துக்கு விதி: 2, 3, 4 விழுந்தால் ஒரு வரிசை கீழே இறங்க வேண்டும். 5, 6, 12 விழுந்தால் ஒரு வரிசை மேலே ஏறலாம். தாயம் விழுந்தால் அதே வரிசை. அடிவரிசையில் படிந்துவிட்ட கொட்டை முன்னேயும் போகாது, எளிதில் எழும்பாது. நம் ஆட்டத்தில் காய் இறங்க வேண்டுமானால் தாயம் போட வேண்டும் அல்லவா? அதுபோல, தாயம் விழுந்தால்தான் அது ஒரு வரிசை எழலாம்.

வேகமான ஓட்டத்துக்கு விதி: 2, 3 விழுந்தால் மட்டும் இறங்க வேண்டும். 4, 5, 6, 12 விழுந்தால் ஏறலாம். படிந்த கொட்டை, தாயம், 5, 6, 12 ஆகிய எது விழுந்தாலும் எழலாம்.

மேல்வரிசையில் இருக்கும் கொட்டைக்கு ஏறும் எண் விழுந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பொறுமையாக நீண்ட நேரம் ஆடினால் மெதுவான ஓட்டத்தில் 20 கொட்டைகளில் சராசரியாக 15 அடியில் கிடக்கும். வேகமான ஓட்டத்தில் ஏறக்குறைய நான்குதான் அடியில் கிடக்கும். ஒரு தனிக் கொட்டை எப்போது விழும் என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் இருபதும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று சொல்லிவிடலாம்! கணிப்பொறி செய்வதும் இதையேதான். அது இருபதுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான கொட்டைகளோடு, தாயத்துக்குப் பதிலாக அளந்தெடுத்த விதிகளோடு ஆடுகிறது. அந்த விதிகள் உண்மையானவையா என்று பார்க்கத்தான் நிஜமான வளையம் தேவைப்படுகிறது. கணக்கும் சோதனையும் ஒத்துப்போனால்தான் அந்தக் கணக்கை நம்பி முகத்துவாரத்தில் இறங்கலாம்.

படிவது எளிது, எழுவது அரிது

சுழலும் வளையங்கள் கற்பித்த பாடம் என்ன? ஓட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்தால், மிதக்கும் சேறு முழுவதும் படிந்துவிடுகிறது. அதைவிடச் சற்று வேகமாக இருந்தால் ஒரு பங்கு படிகிறது. மறு பங்கு எத்தனை மணி நேரம் சுற்றினாலும் மிதந்துகொண்டே இருக்கிறது. இது பார்த்தனியாடிஸும் மேத்தாவும் கண்ட உண்மை.

அதைவிட முக்கியமான பாடம் இன்னொன்று. படிந்த சேற்றைக் கிளப்ப வேண்டுமானால், அது படிந்த வேகத்துக்கு நீரைத் திருப்பினால் போதாது. அதைவிட வலுவாக நீர் தரையை உரச வேண்டும். படிந்த துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி, இடையிலுள்ள நீரை வெளியேற்றி, கெட்டிப்பட்டுவிடுகின்றன. நாளாக ஆக அந்தப் பிடி இன்னும் இறுகுகிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் யூல்ஸ்டிரம் 1935-ஆம் ஆண்டிலேயே தம் நாட்டு ஆறு ஒன்றை ஆராய்ந்து இதுபோன்ற உண்மையை ஒரு வரைபடமாகத் தந்திருந்தார். மணலைவிட நுண்ணிய களிமண்ணைப் பெயர்த்தெடுக்கத்தான் அதிக வேகம் வேண்டும் என்பது அதைப் பார்க்கும் எவருக்கும் வியப்பாக இருக்கும்.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும் கடல்நீர் ஏன் முகத்துவாரத்தைக் கழுவிவிடுவதில்லை? ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் முன் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கிறது. அந்த நேரத்தில் திரண்ட துகள்கள் விழுகின்றன. பிறகு வற்றும் நீர் ஓடும்போது அவற்றில் ஒரு பகுதியைத்தான் கிளப்ப முடிகிறது. மீதி தங்கிவிடுகிறது. மறு ஏற்றம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. உண்டியலில் காசு போடுவது போல் நாளுக்கு இருமுறை இது நடக்கிறது. கடலலை கொண்டுவரும் மணலும் முகத்துவார வாயில் திட்டாகச் சேர்வதால், நீர் வந்துபோகும் வேகம் மேலும் குறைகிறது. வேகம் குறைந்தால் படிவது கூடும். படிவது கூடினால் ஆழம் குறையும். ஆழம் குறைந்தால் உள்ளே வந்து போகும் நீரின் அளவும் குறையும். இதுவும் ஒரு வளையம்தான். தானாக நிற்காத வளையம்.

2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் நாம் கண்டது போன்ற பெருவெள்ளம் வந்தால் படிந்தது கிளம்பும் என்பது உண்மை. ஆனால் கிளம்பியது எங்கே போகும்? வெள்ளத்தோடு வீடுகளுக்கும் வரலாம். வேறோரிடத்தில் போய்ப் படியவும் செய்யலாம். மேலும் முகத்துவாரத்துக்கு வேண்டியது வெறும் ஆழம் மட்டும் அல்ல. நீர் எப்போதும் கலங்கியே இருந்தால் ஒளி அடியை எட்டாது, பாசி வளராது. மீன்களின் செவுள்களில் துகள்கள் அடைக்கும். ஆளியும் மட்டியும் வாழும் தரை மூடப்படும். அங்கே இரை தேடி வரும் இறால் குறையும். இறால் குறைந்தால் ஒரு வீட்டின் அடுப்பு எரியாது.

நாம் அறிய வேண்டியது

இந்தக் கட்டுரையை நான் மின்விளக்கின் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். நிலக்கரி எரிந்ததனால் கிடைத்த வெளிச்சமாகவும் அது இருக்கலாம். ஆகவே தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தோழியர் பலருடைய வீட்டில் சோறு வேவதும் அந்த வேலையால்தான். ஆனால் மின்சாரமும் வேண்டும், முகத்துவாரமும் வேண்டும் என்று கேட்பது பேராசையல்லவே! சாம்பலைக் குழாயிலிருந்து சிந்தாமல் காப்பதும், செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுத்துவதும் மனிதரால் முடிகிற காரியங்கள்தாம்.

2022-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இங்கே சாம்பல் படிந்தது பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. நிலைமையைச் சீர்செய்யும் வழிகளை நிபுணர்கள் ஆராய வேண்டும் என்றும் கூறியது. அப்படிச் சீர்செய்யும்போது வளையக் கால்வாயின் பாடம் பயன்படும். எந்த இடத்தில் தோண்டினால் திரும்பவும் உடனே தூர்ந்துவிடும், எங்கே தோண்டினால் நிலைக்கும், ஏற்றத்தின்போது தோண்டுவது நல்லதா வற்றத்தின்போது நல்லதா, கிளம்பும் சேறு அலையாத்திச் செடிகளின் பக்கம் போகாமல் எங்கே திரை கட்டுவது என்பவற்றையெல்லாம் முதலில் வளையத்திலும் கணிப்பொறியிலும் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்கலாம். ஆற்றில் செய்யும் தவறுக்குச் செலவு அதிகம். வளையத்தில் செய்யும் தவறுக்கு நீரை மாற்றினால் போதும்.

நம் பெற்றோர்களில் பலர் அந்த நீரை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள். எந்தத் திங்களில் நீர் எப்படிக் கலங்கும், எந்த மடுவில் ஆழம் குறைந்தது என்பதை அவர்கள் காலாலும் கையாலும் அறிந்திருக்கிறார்கள். அதைக் கேட்டு, நாள் குறித்து, ஒரு நோட்டில் எழுதி வைப்பது மாணவியரான நம்மால் முடியும். ஒரு பாட்டில் நீரை எடுத்து வைத்து, அது தெளிய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று மாதந்தோறும் குறித்து வைப்பதும் முடியும். அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை செய்வதை இந்த ஆண்டு ஒருமுறை விட்டுவிட்டு, பேசினும் சொம்பும் கொண்டு ஒரு வட்ட ஆறு செய்வோமே!

படிவது எளிது, எழுவது அரிது. சேற்றுக்கு மட்டுமல்ல, பழக்கங்களுக்கும் அது பொருந்தும் என்று பெரியோர்கள் சொல்வார்கள். ஆனால் நம் முகத்துவாரத்தைப் பொறுத்தவரை அது உவமையன்று, அளந்தறிந்த உண்மை. ஆகவே படிந்தபின் தோண்டுவதற்கு ஆகும் பாட்டில் ஒரு பங்கையாவது படியுமுன் தடுப்பதற்குச் செலவிடுவோமாக. கொசஸ்தலையாறு 136 கிலோமீட்டர் நடந்து வந்து நம் ஊர் வாசலில்தான் கடலைக் காண்கிறது. அந்த வாசலைத் திறந்து வைப்பது நம் கடமையன்றோ!